ஸ்பிரிங்கர் தானாக நிற்காது: சீசன் திறக்கும் முன் ஒரு வாதம்

புல்வெளியான் (தெற்கு டகோட்டா, அமெரிக்கா):

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை இங்கே ஃபெசன்ட் பறவை வேட்டைக்கான சீசன் திறக்கிறது. அதற்கு முன் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கோடை முழுக்க ஏசி வீட்டில் சோபாவில் கிடந்த ஸ்பானியலை அன்றைக்கு வயலில் இறக்கிவிடுகிறவர், அந்த நாயை வேட்டைக்குக் கூட்டி வரவே கூடாது. கடுமையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

இந்த வேட்டை பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபெசன்ட் நம் காட்டுக்கோழிக்குப் பங்காளி. பறப்பதைவிட ஓடி ஒளிவதைத்தான் அது முதலில் செய்யும். ஆள் உயரப் புல்லுக்குள் போய்விட்டால் மனிதன் காலால் மிதித்துத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பிரிங்கர், காக்கர் போன்ற ஸ்பானியல்கள் துப்பாக்கிக்காரருக்கு முன்னால் இருபது முப்பது கஜத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மோப்பம் பிடித்து, பறவையைக் கிளப்பிவிடும். பறவை எழுந்த கணம் நாய் உட்கார்ந்துவிட வேண்டும். சுட்டு விழுந்தால், சொன்ன பிறகுதான் போய்க் கவ்வி வர வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீங்கள் ஒரு மைல் நடந்தால் நாய் மூன்று நான்கு மைல் ஓடியிருக்கும். அதுவும் சாலையில் அல்ல, காற்றே புகாத அடர்ந்த புல்லுக்குள். உங்கள் முகத்தில் படும் காற்று தரையோடு ஓடும் நாய்க்குக் கிடையாது. நாய்க்கு நம்மைப் போல் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இங்கே சுடும் நேரம் காலை 10 மணிக்குத்தான் தொடங்குகிறது, அதனால் குளிர்ந்த விடியற்காலை வேட்டைக்குக் கிடைப்பதில்லை. அக்டோபர் நடுவில் மதியம் 80 டிகிரி ஃபாரன்ஹீட் தொடுவது இந்த ஊரில் அதிசயமில்லை. 2003 திறப்பு வார இறுதியில் அப்படித்தான் கொளுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட வேட்டை நாய்கள் அந்த இரண்டு நாளில் செத்ததாக அப்போது செய்தி வந்தது.

அதனால் என் நிபந்தனை இது. ஜூலையிலிருந்தே நாயை நீச்சலிலும் ஓட்டத்திலும் தயார் செய்திருக்க வேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வெப்பம் 65, 70-ஐத் தாண்டினால் நாய் வண்டியில்தான். இதைச் செய்ய முடியாதவர் நாயில்லாமல் வரட்டும்.


கார்த்தி_மினியாபொலிஸ்:

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் வயலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள். என்னைப் போல ஊரில் அலுவலக வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு ஜூலையிலிருந்து தினமும் நீச்சல் எங்கே வாய்க்கும்? வெளிமாநிலத்தார் உரிமத்தில் கிடைப்பதே ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணை. அதில் ஒரு தவணையைத்தான் என்னால் எடுக்க முடியும்.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயமே, சொந்த நிலம் இல்லாதவனும் அரசு வேட்டை நிலத்திலும், விவசாயி பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நிலத்திலும் போய் நடக்கலாம் என்பதுதான். கொட்டகை கட்டி ஆறு நாய் வளர்ப்பவன்தான் வேட்டைக்காரன் என்று நீங்கள் கோடு போட்டால், அது பணக்காரர் விளையாட்டாகிவிடும். என் ஸ்பிரிங்கர் வேலைக்கென்றே வளர்த்த வம்சம். வண்டியில் ஷாட்கன் பையை வைத்தாலே வாசலில் நின்று நடுங்கும். அந்த ஆனந்தத்தை அதற்கு மறுப்பதும் கொடுமைதானே? அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று நான் பார்த்துக்கொள்கிறேன். களைத்தால் நாய் தானே படுத்துவிடும்.


புல்வெளியான்:

தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. களைத்தால் ஸ்பானியல் படுக்காது.

தெருநாய் படுக்கும். வீட்டுக்கு வளர்த்த எத்தனையோ வகை நாய்கள் நிழல் தேடிப் போகும். வேலைக்கு வளர்த்த ஸ்பிரிங்கரை நூறு வருடமாக எதற்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்கர்களுக்கான முதல் களப்போட்டி 1924-இல் நியூயார்க்கின் ஃபிஷர்ஸ் தீவில் நடந்தது. அன்றிலிருந்து, முள்ளுக்குள் தயங்காமல் பாயும் நாய்க்குத்தான் பரிசு, அதன் குட்டிக்குத்தான் விலை. பின்வாங்கத் தெரிந்த நாயின் வம்சம் நின்றுபோனது. பறவையின் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் உடம்பு சொல்வது அதன் காதில் விழாது. நின்றுகொள்ளும் பொறுப்பு முழுக்க விசிலைக் கையில் வைத்திருக்கும் உங்களுடையது.

பார்க்க வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். நாக்கு நீண்டு, நுனி அகன்று கரண்டி மாதிரி தொங்கும். ஈறு செங்கல் நிறத்துக்குப் போகும். எச்சில் கெட்டியாகி நூல் நூலாக வழியும். திரும்பு என்று இரண்டு சிறு விசில் கொடுத்தால் வழக்கத்தைவிட ஒரு கணம் தாமதமாகத் திரும்பும். இந்த நாலாவதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. பின்னங்கால் தள்ளாடும் கட்டத்துக்கு வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி. 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி ஒன்று பையில் இருக்கட்டும், பத்து டாலர்கூட ஆகாது.


ஜீவகாருண்யன் (டொராண்டோ):

இருவரும் எழுதியதைப் படித்தேன். புல்வெளியான் ஐயா, உங்கள் வாதமே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியாத ஒரு உயிரை மனிதன்தான் உருவாக்கினான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். சாகும்வரை ஓடும் குணத்தை ஒரு விலங்குக்குள் வைத்துவிட்டு, "நான் விசில் வைத்திருக்கிறேன், கவலை வேண்டாம்" என்பது எப்படி நியாயம்? அந்த வளர்ப்பே வதை. நல்ல வேட்டைக்காரர், மோசமான வேட்டைக்காரர் என்று பிரிப்பது அதற்குப் பிறகு வரும் விஷயம்.

அப்புறம் அந்தப் பறவை. ஃபெசன்ட் அமெரிக்கப் பறவையே அல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தலைமைத் துணைத்தூதராக இருந்த ஓவன் டென்னி 1881, 1882-இல் சீனாவிலிருந்து ஆரிகானுக்கு அனுப்பியது. சுடுவதற்காகவே பரப்பினார்கள். 1919-இல் தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் கவுண்டியில் முதல் சீசன் வைத்தார்கள். இன்றைக்கும் தனியார் வேட்டைப் பண்ணைகள் கூண்டில் வளர்த்த சேவல்களைத் திறந்துவிட்டு, காசு கொடுத்தவர்களைச் சுடச் சொல்கின்றன. பாரம்பரியம் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதற்கு அடியில் இருப்பது இதுதான்.

என் வீட்டில் ஒரு காக்கர் இருக்கிறது. வேட்டைக்கு உதவாது என்று யாரோ கைவிட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இன்றும் கட்டிலுக்கடியில் போய்விடும். அதற்கும் மூக்கு இருக்கிறது, ஓட ஆசை இருக்கிறது. பெட்டிகளுக்குள் ஒளித்த வாசனையைக் கண்டுபிடிக்கும் மோப்ப விளையாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். வால் நிற்பதே இல்லை. ஸ்பானியல் சந்தோஷமாக இருக்க ஒரு பறவை சாக வேண்டியதில்லை.


கார்த்தி_மினியாபொலிஸ்:

ஐயா, நாய் பயந்தது வேட்டையால் அல்ல, பழக்கிய விதத்தால். முதல் தடவையே தலைக்கு மேல் பெரிய ஷாட்கன்னை வெடித்தால் எந்தக் குட்டியும் பயப்படும். முறை அப்படியில்லை. குட்டி ஒரு புறாவைத் துரத்தி ஓடும்போது, தூரத்தில் ஒருவர் சின்ன வெற்று வெடி வெடிப்பார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வருவார். சத்தத்தோடு பறவை சேர்ந்தே மனதில் பதிந்துவிடும். இதில் அவசரப்படுபவர்களை நானும் மன்னிக்க மாட்டேன்.


மீனா_அயோவா:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். வேட்டைக்குப் போவதில்லை, வேட்டைக்கு எதிரியும் இல்லை. மேசைமேல் வந்து படுக்கும் நாய்களிடமிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் வெப்பத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வெப்பம் ஒரே மதியத்தில் கொல்லும், உண்மை. ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஸ்பானியல்களை எங்களிடம் அதிகம் கொண்டுவருவது புல். ஆமாம், புல்விதை. நம்மூரில் வேட்டியில் குத்தி ஏறும் ஊசிப்புல் ஞாபகமிருக்கிறதா? அதே குணம்தான். கனடா வைல்ட் ரை, ஃபாக்ஸ்டெய்ல் பார்லி போன்ற புற்களின் விதையில் பின்நோக்கிய நுண்ணிய முட்கள் இருக்கும். உள்ளே போனால் முன்னால் மட்டும்தான் நகரும், திரும்பி வராது. ஓடும் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது தொண்டை வழியாக நுரையீரலுக்கே போய்விடும். காதுக்குள், கண்ணிமைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், அக்குளில் எல்லாம் நுழையும். போகும் வழியில் ஆக்டினோமைசிஸ் போன்ற கிருமிகளைக் கூட்டிக்கொண்டு போகும். சில வாரம் கழித்து நாய்க்குக் காய்ச்சல், எடை குறைவு, விலாப்பக்கத்தில் கட்டி. அறுவை செய்து தேடினாலும் விதை கிடைக்காமல் போகலாம், கட்டி மறுபடி வரும். வேட்டை முடிந்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வருவதால் பலருக்கு இரண்டையும் முடிச்சுப் போடவே தோன்றுவதில்லை.

இதில் வேதனை என்னவென்றால், கனடா வைல்ட் ரை பறவைகளுக்காக மீட்டெடுத்த புல்வெளிகளில் நல்லெண்ணத்தோடு விதைத்த புல். பறவைக்கு அடைக்கலம், நாய்க்கு ஊசி.

ஸ்பானியலுக்கு இது ஏன் அதிகம்? நீண்ட முடி, தொங்கும் காது, புல்லுக்குள் தலையை விட்டு வேலை செய்யும் பழக்கம். அதனால் சீசனுக்கு முன் காதின் உட்பக்க முடி, விரலிடுக்கு முடி, அக்குள் முடி மூன்றையும் ஒட்ட வெட்டுங்கள். ஒவ்வொரு வயலும் முடிந்தவுடன், இரவில் அல்ல, அங்கேயே வண்டியின் பின்கதவில் நிறுத்திச் சீப்பால் வாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பாருங்கள். கண்ணை உப்புக்கரைசலால் கழுவுங்கள். நாய் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டன் பட்ஸை விட்டுத் துழாவினால் விதை இன்னும் உள்ளே போகும்.

இன்னொன்று, இது ஸ்பிரிங்கர்காரர்களுக்கு மட்டும். இந்த இனத்தில் பிஎஃப்கே குறைபாடு என்ற பரம்பரை நோய் உண்டு. தசைக்கும் சிவப்பணுவுக்கும் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கத் தேவையான ஒரு நொதி வேலை செய்யாது. வீட்டில் இருக்கும்போது எதுவும் தெரியாது. கடும் ஓட்டத்திலும் வெயிலிலும் மூச்சிரைக்கும்போது சிவப்பணுக்கள் உடையும். ஈறு வெளுக்கும் அல்லது மஞ்சளாகும், சிறுநீர் கருத்துப் போகும், நாய் சோர்ந்து விழும். "நேற்று வெயிலில் கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். கார்த்தி, அரை மணி ஓட்டம் அரை மணி ஓய்வு என்ற கணக்கு இந்த நாய்க்குப் போதாது. உங்கள் நாய்க்குப் பரிசோதனை செய்தீர்களா?


கோவைவாசி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது கவுதாரி வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, அது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த ஊரில் காக்கர் வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். மூன்றாம் மாடி அடுக்குமாடி, மாலையில் பத்து நிமிடம் கழிப்பறை நடை, மீதி நேரம் பிஸ்கட். இடுப்பே தெரியாத உடம்பு, ஈரப்பதத்தில் வருடம் முழுக்கக் காதில் சீழ். ஜீவகாருண்யன் ஐயா, பறவை சாகாமலேயே ஸ்பானியலை வதைக்கலாம் என்பதற்கு இங்கே தெருவுக்குத் தெரு சாட்சி இருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.


ஜீவகாருண்யன்:

ஒத்துக்கொள்கிறேன் கோவைவாசி, அதுவும் வதைதான். ஆனால் ஒரு தவறைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த முடியாது.


புல்வெளியான்:

மீனா அம்மா எழுதியது பொன்னான விஷயம்.

ஐயாவுக்குப் பதில். ஃபெசன்ட் வந்தேறிதான், மறுக்கவில்லை. பண்ணைச் சேவலைத் திறந்துவிட்டுச் சுடும் இடத்துக்கு நான் போவதில்லை, அதை வேட்டை என்று சொல்வதும் இல்லை. நான் பேசுவது காட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பறவையைப் பற்றி. தெற்கு டகோட்டாவில் சேவலை மட்டும்தான் சுடலாம், ஒரு நாளைக்கு மூன்று. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் என்பதால், சேவல்கள் குறைந்தாலும் அடுத்த வருட முட்டைகள் குறையாது. பறவை எண்ணிக்கையைத் தீர்மானிப்பது துப்பாக்கி அல்ல, புல்.

விளைநிலத்தைப் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் புல்லாக விட்டால் விவசாயிக்கு வாடகை கொடுக்கும் மத்தியத் திட்டம் 1985-இல் வந்தது. 2007-இல் அது 3.68 கோடி ஏக்கரைத் தொட்டது. மக்காச்சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்த நிலங்களை உழுதுவிட்டார்கள். கோடி ஏக்கருக்குக் குறையாமல் புல் போனது. ஃபெசன்ட் மட்டுமல்ல, யாரும் சுடாத புல்வெளிக் குருவிகளும் அதோடு போயின. அந்தப் புல்லுக்காக வாஷிங்டனில் போய் நின்றவர்களில் வேட்டைக்காரர்கள் முன்வரிசை. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீண்ட துப்பாக்கிக்கும் ரவைக்கும் 11 சதவீதம் வரி, அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது.

நாயைப் பற்றியும் ஒன்று. நாயில்லாமல் சுடுபவரிடம் அடிபட்ட சேவல் புல்லுக்குள் ஓடித் தொலையும், எங்கோ கிடந்து நாள்கணக்கில் சாகும். நல்ல ஸ்பானியல் அதைத் தேடி எடுத்து வரும். பறவையின் வேதனையைக் குறைப்பதில் நாய்க்கு இணை கிடையாது.


ஜீவகாருண்யன்:

வரி கட்டுகிறோம் என்பது சுடுவதற்கான நியாயம் ஆகாது ஐயா. புல் வேண்டுமென்றால் துப்பாக்கியை நடுவில் வைக்காமலே எல்லோரும் வரி கட்டலாம். பறவை பார்க்கும் தொலைநோக்கிக்கு அப்படி ஒரு வரி போடச் சொல்லுங்கள், நான் முதல் ஆளாகக் கட்டுகிறேன். அடிபட்ட பறவையை நாய் கண்டுபிடிக்கும் என்கிறீர்கள். அடித்தது யார்?


வடகாற்று (ஸ்காட்லாந்து):

வணக்கம். இங்கே பெர்த்ஷைர் பக்கம் வேட்டை நாட்களில், விழுந்த பறவைகளை எடுக்கும் வேலைக்கு என் காக்கர்களோடு போவேன். எங்களூர் நிலைமை வேறு. பிரிட்டனில் ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேல் ஃபெசன்ட்களை வளர்த்துத் திறந்துவிடுகிறார்கள் என்பது மதிப்பீடு. அந்த அளவைப் பார்த்தால் எனக்கே சங்கடம், அதில் ஜீவகாருண்யன் ஐயா பக்கம்தான் நான்.

நான் பேச வந்தது வாலைப் பற்றி. நாய்ப் பராமரிப்பு என்று இவ்வளவு எழுதிவிட்டு யாரும் வாலைத் தொடவில்லையே. ஸ்பானியல் வேலை செய்யும்போது வால் ஓயாது. முள்புதருக்குள் அந்த வால் அடித்து அடித்து நுனி கிழியும். ரத்தம் தெறிக்கும், ஆறும், மறுபடி கிழியும். கடைசியில் வளர்ந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வாலை எடுக்க வேண்டி வரும். அதைவிடப் பிறந்த ஐந்து நாளுக்குள் நுனியை வெட்டுவது எவ்வளவோ இரக்கம். ஸ்காட்லாந்து 2007-இல் முழுத்தடை போட்டது. பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில், வால் வெட்டாத வேலை ஸ்பானியல்களில் 56.6 சதவீதத்துக்கு ஒரே சீசனில் ஒரு தடவையாவது வாலில் காயம் பட்டதாகத் தெரிந்தது. 2017-இல் சட்டத்தைத் தளர்த்தி, வேலைக்குப் போகும் ஸ்பானியலுக்கும், பறவையைச் சுட்டிக்காட்டி எடுத்தும் வரும் வேட்டை நாய் வகைகளுக்கும் கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும் மருத்துவர் வெட்டலாம் என்றார்கள். அது சரியான முடிவு.


மீனா_அயோவா:

வடகாற்று சார், அந்த 56.6-ஐக் கவனமாகக் கையாளுங்கள். அது நாய் உரிமையாளர்களிடம் இணையத்தில் கேட்டுத் திரட்டிய விவரம். வாலில் அடிபட்ட நாயை வைத்திருப்பவர்தான் அப்படிப்பட்ட கேள்வித்தாளைத் தேடி வந்து நிரப்புவார். 2010-இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு எல்லா வகை நாய்களையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு வால் காயத்தைத் தடுக்கச் சுமார் 500 நாய்களுக்கு வால் வெட்ட வேண்டியிருக்கும் என்று அது கணக்கிட்டது.

இங்கே அமெரிக்காவில் ஸ்பிரிங்கர் குட்டி என்றால் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குமே வால் வெட்டிவிடுகிறார்கள். அதில் எத்தனை குட்டி வாழ்நாளில் ஒரு முள்புதரையாவது பார்க்கப்போகிறது? ஐந்து நாள் குட்டி எந்த வீட்டுக்குப் போகும் என்று வளர்ப்பவருக்கே தெரியாது. வேலை செய்யாத குட்டிகள் காரணமே இல்லாமல் அந்த வலியை அனுபவிக்கின்றன.


வடகாற்று:

500 என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாயையும் சேர்த்த கணக்கு அம்மா. வேலை ஸ்பானியலுக்கு அதைப் பொருத்தினால், பூனைக்குட்டிக்கு எடுத்த அளவில் நாய்க்குச் சட்டை தைப்பதாகும். கேள்வித்தாளில் சாய்வு இருக்கலாம், ஏற்கிறேன். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒரு ஸ்பானியலுக்கு மேல் ஒரே சீசனில் ரத்தம் சிந்துகிறது. அப்போதும் என் முடிவு மாறாது. வேலைக்குப் போகும் என்று ஆதாரம் காட்டினால் மட்டும் வெட்டலாம் என்ற எங்கள் விதியை அமெரிக்காவும் எடுத்துக்கொள்ளட்டும். அங்கே எந்த நாய்க்கு வேண்டுமானாலும் வெட்டலாம் என்பதில்தான் கோளாறு.


ஜீவகாருண்யன்:

முள்ளுக்குள் அனுப்பாவிட்டால் வாலும் கிழியாது, வெட்டவும் வேண்டாம். இவ்வளவு பெரிய கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.


வடகாற்று:

ஐயா, என் பெட்டைக் காக்கர் முள்ளுக்குள் போக யாரும் அனுப்ப வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிப்போனாலும் முயல் வாசனைக்கு உள்ளே பாய்வாள். வாழ்நாள் முழுக்கக் கயிற்றிலேயே வைத்திருக்கச் சொல்கிறீர்களா?


ஜீவகாருண்யன்:

இல்லை. அப்படிப் பாயும் குட்டிகளை இன்னும் இன்னும் பிறக்கவைப்பதை நிறுத்தச் சொல்கிறேன். இப்போது இருப்பவற்றை அன்போடு வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறைக்கு ஒரு அமைதியான நாயை வளர்ப்போம். என் நிலை இதுதான், இதிலிருந்து நகர மாட்டேன்.


புல்வெளியான்:

அமைதியான நாய் வேண்டுமென்றால் அதற்கு எத்தனையோ இனங்கள் இருக்கின்றன. ஸ்பானியலிடமிருந்து அந்தத் தேடலை எடுத்துவிட்டால் மீதி இருப்பது நீண்ட காது மட்டும்தான். காட்சிப்போட்டிக்கு வளர்த்த ஸ்பிரிங்கர் வம்சங்களில் அதுதான் நடந்தது. பல தலைமுறையாக இரண்டும் பிரிந்து, இன்றைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வேறு இனமோ என்று தோன்றும். ஒன்றில் முடியும் எடையும் கூடியது, மற்றதில் கால் வேகமும் மூக்கும். எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் அதைக் காப்பாற்றும் கடமையை இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.


கார்த்தி_மினியாபொலிஸ்:

அண்ணா, திறப்பு வாரத்தை இந்த வருடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பயந்து அல்ல, மீனா மேடம் சொன்ன பிஎஃப்கே விஷயத்தால். வளர்ப்பவரிடம் கேட்டால் இடுப்பெலும்பு, கண் சான்றிதழ்கள் மட்டும்தான் இருக்கின்றன. நவம்பர் நடுவில், தரை உறைந்து, சேவல்கள் கோரைப்புல் சதுப்புக்குள் ஒதுங்கியிருக்கும்போது வருவேன். கூட்டமும் குறைவு, குளிரும் நாய்க்குச் சாதகம்.

ஆனால் உங்கள் மூலக் கருத்தை இப்போதும் ஏற்கவில்லை. ஜூலையிலிருந்து தினமும் தயார் செய்யாதவன் வரவே கூடாது என்பது நியாயமில்லை. செப்டம்பரில் தொடங்கி, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குளிரில் குறைவாக ஓட்டினால் ஊர் நாயும் நல்ல நாய்தான். உங்கள் விதியைத் தேதியில் வைக்காதீர்கள், நாயின் உடம்பில் வையுங்கள்.


புல்வெளியான்:

கடைசி வரியை ஏற்கிறேன். ஜூலையை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் செப்டம்பரில் தொடங்குகிறேன் என்பவர்களில் பாதிப் பேர் அக்டோபரில்தான் தொடங்குகிறார்கள்.

நவம்பரில் வந்தால் இரண்டு விஷயம். சதுப்பில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும் ஓடைப்பக்கம் போகாதீர்கள், சேவலைத் துரத்தி நாய் உள்ளே விழுந்தால் உங்களால் எடுக்க முடியாது. நனைந்த நாயைத் துவட்டாமல் திறந்த வண்டியில் வைத்து ஓட்டாதீர்கள். முள்கம்பி வேலியில் மார்பு கிழிவதும் இங்கே அடிக்கடி. முடிக்குள் ரத்தம் தெரியாது, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.


கார்த்தி_மினியாபொலிஸ்:

சரி அண்ணா. சாப்பாடு எப்போது கொடுக்க வேண்டும்? காலையில் வயிறு நிறையக் கொடுத்தால் தெம்பாக ஓடும் என்கிறார்கள்.


மீனா_அயோவா:

காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். நிறைந்த வயிற்றோடு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முக்கிய உணவு முந்தைய நாள் மாலையில். நீண்ட நேரம் ஓடும் நாய்க்குச் சக்தி பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அதனால் புரதம் 30, கொழுப்பு 20 சதவீதம் உள்ள வேலைநாய் உணவுக்குச் சீசனுக்குச் சில வாரம் முன்பே மெதுவாக மாற்றுங்கள். மதியம் கைப்பிடி அளவு கொடுத்தால் போதும், சர்க்கரை இறங்கித் தள்ளாடுவதை அது தடுக்கும். தண்ணீர் மட்டும் கால் மணிக்கு ஒரு தடவை, அது கேட்காவிட்டாலும்.

ஒருவேளை வெப்பம் ஏறிவிட்டால், முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி வைத்து, 103.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். நாய் எழுந்து வாலாட்டினாலும் கொண்டுவாருங்கள். சிறுநீரகமும் ரத்த உறைவும் கெடுவது மறுநாள்தான் தெரியும்.

பிஎஃப்கே பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும், ஊசி வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கெட்ட மரபணு வந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நாய் சாதாரணமாகவே இருக்கும், வேட்டைக்கும் தடையில்லை. ஆனால் அதே போன்ற இன்னொன்றோடு சேர்த்துக் குட்டி எடுக்கக் கூடாது. முடிவு வந்ததும் உங்களுக்குக் குட்டி கொடுத்தவருக்கும் அனுப்புங்கள், அதே ஈற்றில் பிறந்த மற்றவற்றின் வீடுகளுக்கும் தெரிய வேண்டும்.